நிறம் மாறாத குழாய்

நுழையும்முன்

உண்ணும் உணவில் அடங்கியுள்ள சத்துகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றை நிறங்களாக மாற்றிக் காட்டும் எளிய சோதனைகளைப் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். சோதிப்பவரின் கையும் கண்ணும் நலமாக இருக்க வேண்டும். சோதனை தரும் விடையும் மெய்யாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே பழக்கம் காக்கும் விதத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடலோர ஊரின் ஆய்வக மேசை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் நெம்மேலி வருகிறது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். இடையில் நீண்டு கிடக்கும் மணல் நிலம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் இவ்வூரின் பெயர் இன்று பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அந்நிலையம், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடையது. இக்கடற்கரையின் செல்வம் நீரோடு முடிவதில்லை. வலையிலிருந்து உதறப்படும் நெத்திலி, மணற்பரப்பில் காயும் கருவாடு, தென்னை தரும் இளநீர், கோடையில் பனை தரும் நுங்கு, மணற்பாங்கான நிலத்துக்கு உகந்த நிலக்கடலை என உணவுப் பொருள்களுக்கும் இப்பகுதியில் குறைவில்லை.

இத்தகைய கடலோர ஊரொன்றின் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் செய்முறை வகுப்பு நடைபெறுவதாகக் கொள்ளலாம். மேசைமீது ஆறு கிண்ணங்கள் உள்ளன. வடித்த கஞ்சி, இளநீர், வேகவைத்து மசித்த நெத்திலி, பொடித்த நிலக்கடலை, பால், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு ஆகியவை அவற்றில் இருக்கின்றன. ஏழாவது கிண்ணத்தில் வாலைவடிநீர் மட்டும் இருக்கிறது. அருகில் அயோடின் கரைசல், பெனடிக்ட் கரைசல், பையூரெட் சோதனைக்கான கரைசல்கள் ஆகியவை பெயர் எழுதி ஒட்டப்பட்ட குப்பிகளில் வரிசையாக நிற்கின்றன.

ஏழாவது கிண்ணம் எதற்கு என்று மாணவர் பலர் கேட்பதுண்டு. சத்து எதுவும் இல்லாத நீரோடு கரைசல் சேரும்போது என்ன நிறம் தோன்றுகிறது என்பதை அறிந்தால்தான், உணவோடு சேரும்போது தோன்றும் நிறம் மாற்றமா, இல்லையா என்று கூற முடியும். அதற்கு ஒப்பீட்டுக் குழாய் என்று பெயர். செய்முறைத் தேர்வில் பலர் இதனை விட்டுவிடுகின்றனர். நிறம் மாறாத அந்தக் குழாய் இல்லாவிட்டால், நிறம் மாறிய குழாயின் சாட்சியம் செல்லாது.

மேசைக்கு வந்த உணவைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வகத்துக்குள் நுழைந்த நிலக்கடலை மீண்டும் வாய்க்குச் செல்லக் கூடாது. மீந்ததை உண்ணும் ஆசை இயல்பானது. கிண்ணத்தில் இருப்பது வீட்டிலிருந்து வந்த பொருள்தானே என்று தோன்றும். அந்தக் கிண்ணம் நேற்று எந்த உப்பைத் தாங்கியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

குன்னூரில் தொடங்கிய கணக்கு

உணவைச் சோதித்து அறியும் அறிவியலுக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1918ஆம் ஆண்டு, இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ட மக்களிடம் அந்நோய் மிகுந்திருந்தது. தவிட்டோடு நீங்கிவிடும் தயமின் என்னும் வைட்டமினின் குறையே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது.

மெக்காரிசன் செய்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் சார்ந்த சென்னை மாகாண உணவை உண்ட எலிகள் எடையில் கடைசியில் நின்றன. வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் ஒன்றல்ல என்பதைக் குன்னூரின் எலிகள் காட்டின.

1935ஆம் ஆண்டு மெக்காரிசனுக்குப்பின் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு அந்த ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். இந்திய உணவுப் பொருள்களில் எந்தச் சத்து எவ்வளவு உள்ளது என்பதைக் கூறும் அட்டவணை நூலை 1937இல் வெளியிட்டார். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறியது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் அதன் இயக்குநராக விளங்கியவர். அவரும் அவருடன் பணியாற்றியோரும் 1971இல் விரித்தெழுதிய அட்டவணை நூல், மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புரட்டப்பட்டது. 2017இல் அந்நிறுவனம் 528 உணவுப் பொருள்களை ஆராய்ந்து புதிய அட்டவணையை வெளியிட்டது.

அந்த அட்டவணைகளில் எண்கள் இருக்கின்றன. பள்ளி மேசையில் நிறங்கள் தோன்றுகின்றன. எவ்வளவு என்று கூறுவது அளவறி பகுப்பாய்வு. உண்டா, இல்லையா என்று கூறுவது பண்பறி பகுப்பாய்வு. பள்ளியில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. எளியது என்பதால் அது தாழ்ந்ததாகாது. உண்டா, இல்லையா என்பதிலேயே தவறு நேர்ந்தால், எவ்வளவு என்ற கேள்விக்கு இடமில்லை.

ஆறும்வரை காத்திருத்தல்

பொட்டாசியம் அயோடைடு கலந்த நீரில் அயோடினைக் கரைத்தால் பழுப்பு நிறக் கரைசல் கிடைக்கும். மாவுச்சத்து உள்ள பொருளில் இதன் ஓரிரு சொட்டு விழுந்ததும் கருநீலம் தோன்றும். மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ் நீண்ட சங்கிலியாய் அமைந்து, திருகுசுருள்போல் சுருண்டிருக்கும். அயோடின் அச்சுருளின் உள்ளே புகுந்து வரிசையாக அமரும்போது ஒளியை உறிஞ்சும் தன்மை மாறி, கருநீலம் பிறக்கிறது. கஞ்சியும் மரவள்ளியும் உடனே கருநீலமாகும். இளநீர் பழுப்பாகவே நிற்கும்.

அடுப்பிலிருந்து இறக்கிய சூடான கஞ்சியில் அயோடின் விட்டால் நிலைமை வேறு. வெப்பத்தில் சுருளின் பிடி தளர்ந்து அயோடின் வெளியேறிவிடும். நிறம் தோன்றாது, அல்லது தோன்றி மறைந்துவிடும். அதே குழாய் ஆறும்போது நீலம் மீண்டும் வரும். அவசரப்பட்ட மாணவர், சோற்றில் மாவுச்சத்து இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த குழாயை எடுப்பார். அதற்குள் விரலும் சுட்டிருக்கும். பொருள் ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் விதியைப் பலரும் கைக்கான விதி என்றே எண்ணுகின்றனர். அது விடைக்கான விதியும் ஆகும்.

இச்சோதனையில் இன்னொரு பொறி உண்டு. எலுமிச்சைச் சோற்றைக் கொண்டுவந்து சோதிக்கும் மாணவர், முதற்சொட்டு நிறமின்றிப் போவதைக் கண்டு திகைப்பார். எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி, அயோடினை அயோடைடாக ஒடுக்கிவிடுகிறது. அயோடைடு மாவுச்சத்தோடு நிறம் தராது. வைட்டமின் சி தீர்ந்தபின் விழும் சொட்டுகளே கருநீலம் காட்டும். நெல்லிக்காய்ச் சாறு சிறிது கலந்தாலும் இதுவே நிகழும். இந்த முரண்பாட்டையே கருவியாக்கி, ஒரு சாற்றில் வைட்டமின் சி மிகுதியா, குறைவா என்று ஒப்பிட்டு அறிவதும் உண்டு. மாவுக்கரைசலில் அயோடின் நீலம் நிலைத்து நிற்கும்வரை எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்று எண்ணினால் போதும்.

பாலில் கருநீலம் தோன்றினால் அது சத்தின் அடையாளமன்று. இயல்பான பாலில் மாவுச்சத்து இல்லை. தண்ணீர் கலந்த பாலைக் கெட்டியாகக் காட்டுவதற்கு மாவு சேர்க்கப்பட்டிருக்கலாம். பாலைச் சிறிது நீருடன் கொதிக்கவைத்து, ஆறியபின் இரண்டு மூன்று சொட்டு அயோடின் விட்டுப் பார்க்கும் முறையை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்கும் கற்பிக்கிறது. அங்கும் ஆறியபின் என்ற சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

தெரியுமா?

1811ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பெர்னார்டு கூர்த்துவா, வெடியுப்புத் தயாரிப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டபோது எழுந்த ஊதா நிற ஆவியே அயோடினைக் காட்டிக்கொடுத்தது. மாவுச்சத்தோடு அது தரும் நீலம் 1814இல் அறியப்பட்டது. அயோடின் கடலில் இருப்பினும், கடல்நீரை உப்பளத்தில் காய்ச்சி எடுக்கும் உப்பில் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நெம்மேலிக்கு வடக்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளின் உப்பளங்களில் விளையும் உப்புக்கும் இது பொருந்தும். எனவேதான் உணவு உப்பில் அயோடின் சேர்மம் தனியே கலக்கப்படுகிறது. அவ்வாறு கலக்கப்படுவது பொட்டாசியம் அயோடேட்டு. தனி அயோடின் அதில் இல்லாமையால், அந்த உப்பிட்ட சோறு நீலமாவதில்லை.

செங்கல் நிறத்தை நோக்கி

ஒடுக்கும் சர்க்கரைகளைக் கண்டறியும் கரைசலின் வரலாற்றிலேயே பாதுகாப்பின் வரலாறும் கலந்திருக்கிறது. செருமானியரான எர்மான் ஃபெலிங் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய கரைசலில், தோலை அரிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு மிகுந்திருந்தது. அதன் இரு பகுதிகளைத் தனித்தனியே வைத்திருந்து, சோதிக்கும் வேளையில்தான் கலக்க வேண்டும். அமெரிக்க வேதியியலர் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோடியம் கார்பனேட்டையும் சோடியம் சிட்ரேட்டையும் காப்பர் சல்பேட்டுடன் சேர்த்து, ஒரே குப்பியில் நெடுநாள் கெடாமல் இருக்கும் கரைசலை அமைத்தார். அது ஃபெலிங் கரைசலைக் காட்டிலும் கைக்கு மென்மையானது. சிறிதளவு சர்க்கரையையும் காட்டவல்லது. நீரிழிவு நோயாளரின் சிறுநீரில் சர்க்கரை உண்டா என்று அறிய மருத்துவமனைகள் நெடுங்காலம் இதையே நம்பியிருந்தன. பள்ளியில் அந்தச் சோதனைக்கு இடமில்லை. சிறுநீர், உமிழ்நீர், குருதி ஆகியவற்றின் வழியே நோய் பரவக்கூடும்.

இளநீர் இரண்டு மில்லிலிட்டரும் பெனடிக்ட் கரைசல் இரண்டு மில்லிலிட்டரும் குழாயில் எடுத்துச் சூடேற்றினால், நீலம் முதலில் பச்சையாகும். பின் மஞ்சள், ஆரஞ்சு எனச் சர்க்கரையின் அளவுக்கேற்ப மாறிச் செங்கல் நிறம் வரை செல்லும். சர்க்கரை தாமிர அயனியை ஒடுக்க, காப்பர் ஆக்சைடு வீழ்படிவாகத் தோன்றுகிறது.

குழாயைச் சாராய விளக்கின் சுடரில் நேராகக் காட்டுவதே விரைவான வழி என்று தோன்றும். பள்ளி ஆய்வகத்தில் விபத்துக்கு வழிகோலும் செயல்களுள் இது முதன்மையானது. குறுகிய குழாயின் அடியில் திடீரென எழும் நீராவிக் குமிழி, மேலுள்ள கொதிநீரை மொத்தமாக வெளியே தள்ளிவிடும். குழாயின் வாய் எதிரில் நிற்பவரின் முகத்தை நோக்கியிருந்தால் விளைவு எளிதாக முடியாது. அதற்கு மாற்றாக, முகவையில் வெந்நீர் நிரப்பி அதனுள் எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம். வெந்நீருக்குள் நிற்கும் குழாய் நீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. எனவே பொங்கித் தெறிப்பதில்லை.

இம்முறையில் கிடைக்கும் மற்றொரு பயன் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஏழு குழாய்களும் ஒரே வெப்பத்தில், ஒரே நேரம் நிற்கின்றன. ஆகவே ஒன்றின் மஞ்சளையும் மற்றொன்றின் செங்கல் நிறத்தையும் ஒப்பிட்டு, எதில் சர்க்கரை மிகுதி என்று கூற முடிகிறது. தனித்தனியே சுடரில் காட்டிய குழாய்களின் நிறங்களை ஒப்பிடுவது, வெவ்வேறு நேரம் வெந்த இரு பானைச் சோற்றை ஒப்பிடுவது போன்றது.

கடையில் வாங்கிய வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துச் சோதிக்கும் மாணவர் ஏமாற்றம் அடைவார், நீலம் மாறாது. குளுக்கோசும் பிரக்டோசும் தம் வினைபுரியும் முனைகளால் ஒன்றோடொன்று பிணைந்த சுக்ரோசே அது. ஒடுக்கும் முனை வெளியே இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடேற்றிப் பிணைப்பைப் பிரித்து, சோடியம் பைகார்பனேட்டால் நடுநிலையாக்கியபின் சோதித்தால் நிறம் வரும். அமிலமும் நுரைத்தெழும் வாயுவும் உள்ள அந்தப் பகுதியை ஆசிரியர் செய்துகாட்ட, மாணவர் பார்ப்பதே தக்கது. சர்க்கரையில் சர்க்கரை இல்லை என்று எழுதிய குறிப்பேட்டை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடாமல், அது எந்தக் கேள்விக்கான சரியான விடை என்று கேட்டால் வகுப்பு உயிர்பெறும்.

சொட்டு மிகுந்தால் மறையும் ஊதா

புரதத்துக்கான பையூரெட் சோதனையில், உணவுச் சாற்றோடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்து, மிக நீர்த்த காப்பர் சல்பேட்டு ஓரிரு சொட்டு விட வேண்டும். அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளோடு தாமிரம் சேர்ந்து ஊதா நிறம் தோன்றும். பையூரெட் என்னும் பொருள் இக்கரைசலில் சிறிதும் இல்லை என்பது வேடிக்கை. யூரியாவைச் சூடேற்றினால் கிடைக்கும் அப்பொருளும் இதே ஊதாவைத் தருவதால் அப்பெயர் நிலைத்துவிட்டது.

நெத்திலிச் சாறும் பாலும் தெளிவான ஊதா காட்டும். சிலரின் குழாயில் மட்டும் நீலமே நிற்கும். காப்பர் சல்பேட்டை அவர்கள் தாராளமாக ஊற்றியிருப்பார்கள். அதன் நீலம் மென்மையான ஊதாவை மூடிவிடும். குறைந்த அளவு வேதிப்பொருள் கைக்கு நல்லது, செலவுக்கும் நல்லது. இங்கு அது உண்மைக்கும் இன்றியமையாதது.

உணவுச் சோதனைகளுள் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது இதுவே. சோடியம் ஹைட்ராக்சைடு தோலில் பட்டால் முதலில் எரிவதில்லை. சோப்பு பட்டதுபோல் வழவழக்கும். தோலிலுள்ள கொழுப்பை அது உண்மையிலேயே சோப்பாக மாற்றத் தொடங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். வலி இல்லாததால் மாணவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். பின் அதே விரலால் கண்ணைக் கசக்குவார். கண்ணின் கருவிழிக்கு அமிலத்தைவிடக் காரம் கொடியது. உள்ளே ஊடுருவிக்கொண்டே செல்லும். பட்ட உடனே ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரத்துக்கு மாற்று அமிலம் என்று எலுமிச்சைச் சாற்றைத் தேடுவது பாடத்தைத் தவறாகப் படித்ததன் விளைவு. பார்வைக் குறைபாட்டுக்காக அணியும் மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஈடாகாது. அதன் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன.

வீட்டு மீன்குழம்பை இச்சோதனைக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் செம்பழுப்பாக மாறும். சாம்பாரும் அவ்வாறே. அந்தச் சிவப்பைக் கண்டு புரதம் மிகுதி என்று எழுதியவர் சோதித்தது மஞ்சள்தூளையே. எனவேதான் மசாலா சேராத நெத்திலி மேசைக்கு வந்தது. ஒரு குழாயில் பயன்படுத்திய சொட்டுக்குழாயைக் கழுவாமல் அடுத்த குப்பியில் விடுவதும் இதே வகைப் பிழைதான். அதனால் ஒரு குழாய் மட்டுமன்றி, அன்றைய வகுப்பின் குப்பி முழுவதும் கெடும்.

தாளில் ஒரு கறை

கொழுப்பை அறிவதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். நிலக்கடலையைத் தாளில் வைத்து அழுத்தித் தேய்த்து, உலரவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர்க்கறை உலர்ந்து மறையும். கொழுப்புக்கறை ஒளி ஊடுருவும்படி நிலைத்து நிற்கும். சில கையேடுகள் சூடான் III என்னும் சாயத்தைப் பரிந்துரைக்கின்றன. அவ்வகைச் சாயங்களை உணவில் சேர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. சூடான் I கலந்த மிளகாய்த்தூளால் 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தாள் தரும் விடையே போதுமாக இருக்கும்போது அச்சாயத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. எத்தனால் கொண்டு செய்யும் சோதனையும் உண்டு. அதைச் செய்யும் நாளில் அறையில் எந்தச் சுடரும் எரியக் கூடாது.

நிலக்கடலையைப் பொடிப்பதற்கு முந்தைய நாளே வகுப்பில் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். நிலக்கடலை, மீன், இறால், பால் ஆகியவற்றுள் எதுவும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும். உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைபடும் அளவுக்கு அது முற்றுவதுண்டு. எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கூறும் மாணவரைப் பிறர் கேலி செய்யும் வகுப்பில், அடுத்தமுறை அவர் வாய் திறக்க மாட்டார். கொழுப்புக்குத் தேங்காயும் புரதத்துக்குத் துவரம்பருப்பும் இருக்க, நிலக்கடலையை விடுவதால் பாடத்துக்கு இழப்பில்லை.

கேட்காத கேள்வி

மேசையிலுள்ள மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பச்சைக் கிழங்கில் லினமாரின் என்னும் சேர்மம் உள்ளது. கிழங்கு நசுங்கும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். கசப்பு வகைகளில் அதன் அளவு மிகுதி. தோல் நீக்கி, நறுக்கி, நன்கு வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பகுதி நீங்கிவிடும். அயோடின் சோதனை பச்சைக் கிழங்கிலும் வெந்த கிழங்கிலும் அதே கருநீலத்தையே காட்டும். மாவுச்சத்து உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு என்று அது கூறியது. உண்ணத் தகுந்ததா என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை.

இந்த வேறுபாட்டை மறந்ததன் விலையை உலகம் 2008இல் கண்டது. உணவிலுள்ள புரதத்தை அளக்க, டென்மார்க்கின் யோகான் கியெல்தால் 1883இல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கிப் புரத அளவைக் கணிக்கிறது. சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் தொழிற்சாலைப் பொருளைச் சிலர் சேர்த்தனர். மெலமைனில் நைட்ரஜன் மிகுதி. பெப்டைடு பிணைப்பு ஒன்றுகூட இல்லை. நைட்ரஜனை மட்டும் கேட்ட சோதனை, பாலில் புரதம் நிறைவாக உள்ளது என்று கூறியது. அந்தப் பாலிலிருந்து செய்த பால்மாவை அருந்திய குழந்தைகளின் சிறுநீரகங்களில் கற்கள் தோன்றின. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். அந்த ஆய்வகங்களின் கருவிகளில் குறையில்லை. கேள்வியில் இருந்த இடைவெளியை ஏமாற்றுவோர் அறிந்திருந்தனர்.

செய்முறைக் குறிப்பேட்டில் முடிவு எழுதும்போது மாணவர் தம் சொற்களை எண்ணி எழுத வேண்டியிருப்பது இதனால்தான். இளநீரில் ஒடுக்கும் சர்க்கரை உள்ளது என்பது சோதனை தந்த முடிவு. இளநீர் உடலுக்கு நல்லது என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் குழாய் அதைக் கூறவில்லை. கஞ்சியில் பெனடிக்ட் கரைசல் நீலமாகவே நின்றால், ஒடுக்கும் சர்க்கரை இச்சோதனைக்குப் புலப்படும் அளவில் இல்லை என்று எழுதலாம். நிறம் மாறவில்லை என்பதும் விடையே. எதிர்பார்த்த நிறம் வரவில்லை என்பதற்காக அருகிலிருப்பவரின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதும் வழக்கம் ஆய்வகங்களில் உண்டு. குன்னூரின் அட்டவணை அவ்வாறு எழுதப்பட்டிருந்தால், அதை நம்பி நோயாளிக்கு உணவு வகுத்த மருத்துவரின் கதி என்னவாகியிருக்கும்?

குழாயிலிருந்து கடலுக்கு

சோதனை முடிந்தது என்று குழாய்களைக் கழுவுதொட்டியில் கவிழ்ப்பது கண்டிக்கப்பட வேண்டிய பழக்கம். பெனடிக்ட் கரைசலிலும் பையூரெட் சோதனையிலும் மிஞ்சுவது தாமிரம். மனித உடலுக்குச் சிறிதளவு தாமிரம் தேவை. மீன்களுக்கும் நத்தைகளுக்கும் நீர்ப்பாசிகளுக்கும் நீரில் கரைந்த தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகிவிடும். குளத்துப் பாசியை ஒழிக்கக் காப்பர் சல்பேட்டைத் தூவுவது அதனால்தான். கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே அமைந்த நெம்மேலி போன்ற ஊரில், கழுவுதொட்டியின் குழாய் எங்கே சென்று முடிகிறது என்பதை அறிய வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. காலையில் மேசைக்கு வந்த நெத்திலியும் அந்த நீரிலிருந்து வந்ததே.

தாமிரக் கழிவுக்கென்று அகன்ற வாயுடைய நெகிழிக் குப்பி ஒன்று மேசையின் கோடியில் இருக்க வேண்டும். அதன்மேல் தாமிரக் கழிவு என்றும், எந்த நாளிலிருந்து சேர்கிறது என்றும் எழுதி ஒட்ட வேண்டும். குப்பி நிறைந்தபின் பள்ளி நிருவாகம் அதனை வேதிக்கழிவாக ஒப்படைக்கும். அயோடின் பட்ட உணவும் தேய்த்த தாளும் தனிக் குப்பைக்கூடைக்குச் செல்லும். மீந்த கஞ்சியை ஊர்க் கோழிக்கோ நாய்க்கோ இடலாகாது. பின்னர் மேசையை ஈரத்துணியால் துடைத்து, சோப்பிட்டுக் கை கழுவிய பிறகே மாணவர் மதிய உணவுக்குச் செல்லலாம்.

கற்பவை கற்றபின்

1. வீட்டு மீன்குழம்பில் புரதம் உண்டா என்று பையூரெட் சோதனையால் அறிய விரும்பும் மாணவருக்கு நீங்கள் கூறும் மாற்றுவழி யாது? காரணத்துடன் எழுதுக.

2. ஒப்பீட்டுக் குழாய் வைக்காமல் செய்த ஒரு சோதனையின் முடிவை எதிர்த்தும் ஆதரித்தும் வகுப்பில் உரையாடுக.

3. உங்கள் பள்ளி ஆய்வகக் கழுவுதொட்டியின் நீர் எங்கே செல்கிறது என்பதை ஆசிரியரின் துணையோடு கேட்டறிந்து, அந்த வழியை வரைபடமாக வரைக.